தெருவுக்கு வந்த தாயக்கட்டம்



பொங்கல் விடுமுறையில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, 'போகிமான் கோ' மாதிரி நம்ம விளையாட்டு ஒண்ணைத் தெருவுல ஆட முடியுமா?" 2016-ல் அது வந்தபோது, போனைப் பார்த்தபடி தெருவில் அலைந்த பிள்ளைகளைத் திட்டியவன் நான். ஆனாலும் வரலாற்று வாத்தியாருக்கு ஆசை வந்துவிட்டது.

பலகை ஆட்டம் வெளியே வருவது புதிதல்ல. ஆக்ரா அருகே ஃபத்தேபூர் சிக்ரியில், 16-ஆம் நூற்றாண்டில் அக்பர் எழுப்பிய அரண்மனையின் முற்றத்தில் பச்சீசிக் கட்டம் தரையிலேயே இருக்கிறது. பணிப்பெண்களைக் காய்களாக நிறுத்தி ஆடினார் என்பது வழிவழிக் கதை. அந்தப் பச்சீசி நம் தாயத்துக்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்தில் 'லூடோ' என்று காப்புரிமை பெற்று நம் வீட்டுக்கே திரும்பி வந்ததும் அதுதான்.

நாங்கள் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளைக் கட்டமாக்கினோம். இருபது அடி நடந்தால் ஒரு கட்டம். நாலு முனைகளும் 'மலை'. அங்கே நிற்பவரை வெட்ட முடியாது. மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலையில் பஸ் ஓடுவதால் நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. பேரப்பிள்ளைகள்தான் காய்கள். வீட்டில் நான் கட்டை உருட்டி, விழுந்ததை வாட்ஸ்அப்பில் சொல்வேன். தாயம் விழுந்தால்தான் இறங்கலாம். 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம். ஒருவரையாவது வெட்டினால்தான் கிழக்கு மாட வீதியிலிருந்து சன்னிதித் தெருவுக்குள் நுழையலாம். கிழக்குக் கோபுரத்தடியில் பழம்!

நான் உருட்டிய பித்தளைக் கட்டைகள் என் அத்தையுடையவை. சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். 1960-களில் அறுபத்துமூவர் அன்று ஊரே வீதியில் நிற்கும். அவர் மட்டும் வாசல்படி தாண்ட மாட்டார், தாண்ட விடவும் மாட்டார்கள். இரவில் கூடத்தில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு என்னோடு ஆடுவார். ஜெயித்தால், "என் காய் ஊரைச் சுத்திட்டு வந்துடுத்துடா" என்று சிரிப்பார். அன்று நானும் சிரித்தேன். அதன் அர்த்தம் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

அன்று அவர் கட்டைகளில் 12 விழுந்தது. பேத்தி நாலு வீதியும் சுற்றிக் கோபுரத்தடிக்கு ஓடி, போனில் "பழம்!" என்று கத்தினாள். எனக்குப் பதில் சொல்லக் குரல் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாயக்கட்டை இருக்கும். எடுத்துத் துடையுங்கள். அதை உருட்டிய கை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கேயும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.