ஹுவான் அந்தோனியோ தே ரியான்யோ (1757–1810)

மெக்சிகோ விடுதலைப் போரின் தொடக்க நாள்களில் கொல்லப்பட்ட ஸ்பானிய ஆளுநர். வட ஸ்பெயினில் காந்தாப்ரியா பகுதியின் லியெர்கானெஸ் ஊரில் பிறந்தார். கடற்படையில் சேர்ந்து, 1781-இல் ஆங்கிலேயரிடமிருந்து பென்சகோலாவைக் கைப்பற்றிய போரில் பங்கெடுத்தார். நியூ ஆர்லியன்ஸின் செல்வக் குடும்பத்துப் பெண் விக்டோரியா தே சான் மாக்சென்ட்டை மணந்தார். பென்சகோலா போரை நடத்திய பெர்னார்தோ தே கால்வெஸ் இவருக்குச் சகலை. 1785-இல் கால்வெஸ், அன்றைய மெக்சிகோவான புதிய ஸ்பெயினின் அரசப்பிரதிநிதியானது இவருடைய உயர்வுக்கும் வழிவிட்டது.

1792 முதல் வெள்ளிச் சுரங்க நகரான குவானஹுவாதோவின் ஆளுநராக இருந்தார். பிரெஞ்சு நூல்களை விரும்பிப் படித்தவர். டோலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இதால்கோ இவருடைய நண்பர். 1785–86-இல் மெக்சிகோவை வாட்டிய பெரும் பஞ்சத்தை மறவாத ஆளுநர், மக்காச்சோளம் சேமிக்க அலோந்திகா தே கிரானாதீத்தாஸ் என்னும் மாபெரும் களஞ்சியத்தை எழுப்பினார். 1798-இல் தொடங்கிய வேலை 1809-இல் முடிந்தது. ஊர் பசியால் சாகக் கூடாது என்பதற்காகக் கட்டிய கட்டடம் அது.

1810 செப்டம்பர் 16 அன்று இதால்கோ கிளர்ச்சிக் கொடி ஏற்றினார். செய்தி எட்டியதும், சான் லூயிஸ் பொதோசியிலிருந்த படைத்தலைவர் காயேஹாவிடம் ரியான்யோ உதவி கேட்டார். அது வந்து சேரவில்லை. செப்டம்பர் 24 இரவு அரசுக் கருவூலத்தையும் வீரர்களையும் ஸ்பானியர்களையும் களஞ்சியத்துக்குள் கொண்டுபோனார். விடிந்து எழுந்த நகரத்தார் தாங்கள் கைவிடப்பட்டதாகவே எண்ணினர். தலைவரியை நீக்குவதாக அடுத்து வந்த அறிவிப்பை அவர்கள் நம்பவில்லை. அச்சம் தந்த சலுகை என்றனர். களஞ்சியத்துக்குள் ஒதுங்கிய முடிவுக்கு ராணுவக் கணக்கில் நியாயம் இருக்கலாம். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் ஆண்ட மக்களை அந்த ஓர் இரவில் அவர் இழந்தார் என்பதே உண்மை.

செப்டம்பர் 28 காலை சரணடையச் சொல்லி இதால்கோவின் ஓலை வந்தது. கூடவே, குடும்பத்துக்குப் பாதுகாப்புத் தருவதாகத் தனிக் கடிதம் ஒன்றும் வந்தது. ரியான்யோ நட்புக்கு நன்றி சொன்னார். அரசப்பிரதிநிதியைத் தவிர வேறு அதிகாரத்தை ஏற்பதற்கில்லை என்று சரணடைய மறுத்தார். சண்டை மூண்ட சிறிது நேரத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். உடனிருந்த மகன் கில்பெர்தோவும் காயங்களால் மாண்டார். கதவு எரிந்து விழுந்ததும் உள்ளே இருந்தவர்கள் பெருமளவில் கொல்லப்பட்டனர். கல்பலகையை முதுகில் சுமந்து ஊர்ந்து சென்று கதவுக்குத் தீ வைத்த சுரங்கத் தொழிலாளி 'பீப்பிலா'வின் கதை இன்றும் அங்கே வழங்குகிறது. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அன்று நகரத்தில் இருந்த பதினேழு வயது இளைஞர் லூக்காஸ் அலமான், பின்னாளில் தம் மெக்சிகோ வரலாற்றில் இந்நிகழ்வுகளை விரிவாக எழுதினார்.

இதால்கோவும் நெடுநாள் தப்பவில்லை. 1811-இல் கொல்லப்பட்ட அவருடைய தலையையும் கிளர்ச்சித் தோழர்களான அயேந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகியோரின் தலைகளையும் ஸ்பானியர் இரும்புக் கூண்டுகளில் அடைத்து, ரியான்யோ கட்டிய களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டனர். 1821-இல் விடுதலை கிடைக்கும் வரை அவை இறக்கப்படவில்லை. கட்டடம் பின்னர் சிறையாக இருந்து, இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. மூலைக்கு ஒன்றாக அந்த நால்வரின் பெயர்களும் அதன் சுவரில் உள்ளன.