மூடிய பிறகும் முடியாத சுரங்கம்: மாமுட் சொல்லும் பாடம்

மாணவர்களே, சுரங்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஈப்போ, கம்பார் பக்கத்து ஈயக்குட்டைகள்தான். செம்பு எடுத்த பெரிய சுரங்கம் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது, தெரியுமா? சபாவில், கினபாலு மலைச்சரிவில், ரானாவ் அருகே உள்ள மாமுட்தான் அது. "தொடக்கம் 1975, மூடல் 1999" என்று எழுதிவிட்டு, அதோடு கட்டுரையை முடித்துவிடாதீங்க. முக்கியமான பகுதியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

நடந்தது என்ன?

1965இல் இங்கே செம்புப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் திறந்தவெளிச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. மூடும்வரை சுமார் 600,000 டன் செம்பு கிடைத்தது. கூடவே தங்கமும் வெள்ளியும் கிடைத்தன. ஆனால் அதற்காக வெட்டி ஒதுக்கிய மேல்மண்ணும் கழிவுப்பாறையும் எவ்வளவு? ஏறக்குறைய 250 மில்லியன் டன்! கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு டன் செம்புக்கு 400 டன்னுக்கும் மேலான கழிவு.

வெறும் கல்தானே, அது தண்ணீரை எப்படிக் கெடுக்கும்?

நல்ல கேள்வி. இத்தகைய பாறையில் பைரைட் என்னும் கனிமம் இருக்கிறது. அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உடைத்து வெளியே குவித்ததும் காற்றும் மழையும் படுகின்றன. கந்தக அமிலம் உருவாகிறது. சில நுண்ணுயிர்கள் இந்த வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. இதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்டார்கள். அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு குவியலின் அடிவழியே கசிகிறது. ஒரு பகுதி ஓடையில் கலக்கும்; இன்னொரு பகுதி நிலத்தடி நீரில் சேரும்.

மாமுட் குழியில் இன்று ஒரு பெரிய ஏரி நிற்கிறது. அதன் பிஎச் ஏறக்குறைய 3. நடுநிலை நீரின் அளவு 7. நான்கு படிதானே குறைவு என்று நினைக்காதீங்க! ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அப்படியென்றால் 10,000 மடங்கு அமிலத்தன்மை.

பாதிப்பை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

முதலில், பாறை மாதிரியில் அமிலம் தரும் கந்தகம் எவ்வளவு, அதை அடக்கும் சுண்ணாம்புக் கனிமம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். அடுத்து, பொடித்த பாறையை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் காற்றிலும் நீரிலும் மாறி மாறி வைத்து, வடியும் நீரைச் சோதிப்பார்கள். மூன்றாவதாக, குவியலுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி இரண்டையும் ஒப்பிடுவார்கள். மேற்புறக் கிணறு இல்லாவிட்டால், மாசு சுரங்கத்தால் வந்ததா, இயற்கையாகவே மண்ணில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்வது கடினம். இதே காரணத்தால்தான் வெட்டத் தொடங்கும் முன்பே நீரை அளந்து வைப்பது அவசியமாகிறது.

இங்கேதான் ஆண்டுகளைக் கவனிக்கணும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது 1974இல். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய ஆணை பிறந்ததோ 1987இல். மாமுட் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெட்டத் தொடங்கிவிட்டது. கேள்வி கேட்க வேண்டிய சட்டம், பாறை வெளியே வந்த பிறகுதான் வந்தது. சுரங்கத்தின் வருமானம் 1999இல் நின்றது. பாறையின் வேதிவினை நிற்கவில்லை. அதன் சுமையைத் தாங்குவது கீழே உள்ள ஆறுகளும் அவற்றை நம்பியிருப்பவர்களும்தான்.

ஆசிரியர்களுக்கு: காரணம், விளைவு, காலவரிசை மூன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க இது நல்ல எடுத்துக்காட்டு. மாணவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. ஒரு சுரங்கத்தின் வரலாறு எந்த ஆண்டில் முடிகிறது? காரணத்துடன் விளக்குக.
2. 1987ஆம் ஆண்டு ஆணை 1970இலேயே வந்திருந்தால், மாமுட்டில் எவை மாறியிருக்கக்கூடும்?