லேயர் மாஸ்க்

லேயர் மாஸ்க் என்பது ஒளிப்படத் தொகுப்பு மென்பொருளில் ஓர் அடுக்கின் எப்பகுதி தெரியவேண்டும், எப்பகுதி மறையவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சாம்பல்நிறப் படிமம். வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும், சாம்பல் பாதி தெரியச் செய்யும். 8 பிட் மாஸ்க்கில் 256 நிலைகள் உண்டு.

ஒரு பொருளை மற்றொன்றின் பின்னால் வைக்க இது பெரிதும் பயன்படுகிறது. மரத்தின் பின்னே நிலவைக் காட்ட, நிலவின் அடுக்கு மரப்படத்தின் மேல் இடப்படும். கிளைகள் வரும் இடங்களில் மாஸ்க் கருப்பாக்கப்படும். அங்கே நிலவு மறைந்து கீழுள்ள கிளைகள் தெரிவதால், அது மரத்துக்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றும். மங்கலான இலை விளிம்புகளுக்கு மென்மையான தூரிகை ஏற்றது.

அழிப்பான் படப்புள்ளிகளை நீக்கிவிடும். மாஸ்க் மறைக்க மட்டுமே செய்யும். வெள்ளை பூசினால் மறைந்த பகுதி மீளும்.

திரைப்படத் துறையில் காட்சியின் ஒரு பகுதியை மறைக்கப் பயன்பட்ட மேட் நுட்பம் இதன் முன்னோடி. போட்டோஷாப்பில் அடுக்குகள் 1994-இல் 3.0 பதிப்பில் அறிமுகமாயின. கட்டற்ற மென்பொருளான கிம்ப்பிலும் மாஸ்க் வசதி உண்டு.