உத்தியோகம் என்ன?

1957-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த நாட்டு வழக்கப்படி மாப்பிள்ளை தம் தொழில் இன்னதென்று நகரசபைப் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மாப்பிள்ளை "புரோகிராமர்" என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். முகூர்த்தம் என்று ஒன்று அங்கே பார்ப்பதில்லையானாலும், கல்யாண நாளில் குமாஸ்தாக்களுடன் யார் வழக்காடிக் கொண்டிருப்பார்கள்? கடைசியில், பௌதிக சாஸ்திரத்தில் தத்துவ ஆராய்ச்சி செய்பவர் என்று பதிவாயிற்று. இந்த வேடிக்கையை அவரே 1972-ல், கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் பரிசைப் பெற்றபோது, சபையில் சொன்னார்.

அவர் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1930-ல் ராட்டர்டாமில் பிறந்தவர். தகப்பனார் ரசாயன சாஸ்திரி. தாயார் கணிதம் கற்றவர். லைடன் சர்வகலாசாலையில் பௌதிகம் படித்துக் கொண்டிருந்த பிள்ளை பரீட்சையில் தேறியதற்குப் பரிசாகத் தகப்பனார் 1951-ல் அவரை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி வைத்தார். 'எட்ஸாக்' என்ற கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத் தரும் மூன்று வார வகுப்பு அங்கே நடந்தது. பரிசாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் வேலையில் சேர்ந்தார். தமக்குத் தெரிந்தவரை ஹாலந்தில் அந்த வேலைக்கு வந்த முதல் மனிதர் தாமே என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

யந்திரம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதி வைக்கும் கட்டளைச் சுவடிதான் புரோகிராம். யந்திரத்துக்கு ஊகம் கிடையாது. "தெரிந்ததுதானே" என்று நாம் விட்டுவிடும் ஒரு வரி அதற்குத் தெரியாது. இன்று நம் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை இந்த உத்தியோகம் பார்க்கிறது. அன்றைக்கு, அதைச் செய்தவருக்கே அது உத்தியோகந்தானா என்பதில் சந்தேகம்!

சந்தேகம் என்றால் சாதாரணச் சந்தேகம் இல்லை. மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகு, 1955-ல், அவருக்கு மனசு குடைய ஆரம்பித்தது. பௌதிகத்தைத் தொடர்வதா, இதிலேயே இருப்பதா? யந்திரத்தைக் கட்டிய சகாக்களை யாராவது "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், வால்வு தெரியும், மின்சாரச் சுற்று தெரியும் என்று சொல்ல அவர்களிடம் விஷயம் இருந்தது. தம்மைக் கேட்டால் வெறுங்கையை அல்லவா விரிக்க வேண்டும்? இந்த வேதனையுடன் தம் தலைவர் வான் வைன்கார்டன் அறைக் கதவைத் தட்டினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். இன்றைக்கு இது ஒரு சாஸ்திரமாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால், இந்த யந்திரங்கள் போய்விடப் போவதில்லை. இதை மதிக்கத் தக்க ஒரு சாஸ்திரமாக ஆக்கும் சிலரில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். சில மணி நேரம் கழித்து அந்த அறையிலிருந்து வேறு மனிதராக வெளியே வந்ததாக டைக்ஸ்ட்ரா சொல்லுகிறார். மேலதிகாரி ஒருவர் ஒரு பிற்பகலைச் செலவழித்ததற்கு இவ்வளவு பெரிய பலன் கிடைத்த சந்தர்ப்பம் சரித்திரத்தில் அதிகம் இராது.

அதற்கு அடுத்த ஆண்டு, 'அர்மாக்' என்ற புதிய யந்திரத்தைப் பொது ஜனங்களுக்குக் காட்டி வைக்க ஒரு கணக்கு வேண்டியிருந்தது. இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது என்று வைத்துக் கொண்டார். இது யாருக்கும் புரியும். ஹாலந்து தேசப் படத்தில் 64 ஊர்கள் போதும். ஒரு நாள் காலை, கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணுடன் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்துப் போய், ஒரு காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்தார். இருபது நிமிஷத்தில் வழி புலப்பட்டுவிட்டது. கையில் காகிதமோ பென்சிலோ இல்லை. இல்லாததுதான் நல்லதாயிற்று என்பது அவர் கட்சி: காகிதம் இருந்தால் சிக்கலை எழுதி வைத்துக் கொள்ளலாம், மனசிலே வைத்துக் கொள்ள வேண்டுமானால் சிக்கலை ஒழித்தே ஆக வேண்டும். 1959-ல் அது அச்சாயிற்று. ஊர் தெரியாத ஊரில் கைபேசி நமக்கு வழி சொல்லுகிறதே, அதற்குள் ஓடும் கணக்குகளில் பல அந்தக் காப்பிக் கடைக் கணக்கின் சந்ததிதான். உடன் இருந்த பெண்மணி அந்த இருபது நிமிஷமும் என்ன செய்து கொண்டிருந்தார் என்பதுதான் கதை எழுதுகிறவனுக்கு முக்கியமாகப் படுகிறது. அதைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

அவருடைய தாடிக்கும் ஒரு கதை உண்டு. 'அல்கால்' என்ற புது மொழியை யந்திரம் புரிந்துகொள்ளச் செய்யும் வேலையில் அவரும் ஸோனெவெல்ட் என்ற சகாவும் இறங்கினார்கள். முடியும்வரை க்ஷவரம் செய்துகொள்வதில்லை என்று விரதம். 1960 ஆகஸ்டில் வேலை முடிந்தது. ஸோனெவெல்ட் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை வைத்துக் கொண்டிருந்தார்.

ஆனால் இவரைப் பற்றி நான் எழுத வந்த காரணம் வேறு. இவர் தம் அன்றாட அபிப்பிராயங்களை, வேலையைப் பற்றியும் யந்திரத்தைப் பற்றியும் தோன்றியதையெல்லாம், சிறு சிறு குறிப்புகளாக எழுதி நம்பர் போட்டார். முதலில் தட்டெழுத்து, பிறகு பெரும்பாலும் பௌண்டன் பேனா. பிரதி எடுத்துச் சில நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் பிரதி எடுத்து மேலும் சிலருக்குக் கொடுப்பார்கள். தம் பெயரின் தலையெழுத்துக்களை வைத்து 'ஈ.டபிள்யூ.டி.' என்று அவற்றுக்குப் பெயர். 1,300-க்கும் மேல் எழுதினார். ஒன்று முதல் எண்ணுவது தப்பு, பூஜ்யத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்று 1982-ல் ஒரு குறிப்பே எழுதி, அதன் முதல் பக்கத்துக்குப் பூஜ்யம் என்று நம்பரும் போட்டார். நாம் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் அவருக்குப் பூஜ்யம்.

அந்த அபிப்பிராயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பூச்சி விவகாரம். கட்டளைச் சுவடியில் தப்பு இருந்தால் அதைப் "பூச்சி" என்று சொல்வது அந்தத் தொழிலின் வழக்கு. 1947-ல் ஹார்வர்டில் ஒரு யந்திரத்துக்குள் சாட்சாத் விட்டில் பூச்சியே அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்ததும் உண்டு. டைக்ஸ்ட்ரா இந்தச் சொல்லை விட்டொழியுங்கள் என்றார். பூச்சி என்றால், எழுதியவர் அசந்த நேரத்தில் அது தானாக ஊர்ந்து வந்துவிட்டது போலல்லவா ஆகிறது? தப்பு என்று சொல்லுங்கள். தப்புச் செய்தவர் எழுதினவர்தாம். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் பொறுப்பு யார் தலையில் வந்து உட்காருகிறது, பாருங்கள்! அச்சுப் பிழை என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ ஆசிரியர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

இன்னொன்று: ஒருவர் மாதத்துக்கு இத்தனை வரி எழுதினார் என்று நிர்வாகிகள் கணக்கெடுத்து மகிழ்கிறார்கள். அந்த வரிகளைச் செலவுப் பக்கத்தில் அல்லவா எழுத வேண்டும், வரவுப் பக்கத்தில் எழுதுகிறீர்களே என்றார். பக்கத்துக்கு இவ்வளவு என்று சன்மானம் பெறுகிற என் ஜாதிக்கு இது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்.

அவருக்கு உலகப் புகழும் விரோதமும் ஒருங்கே தேடித் தந்தது 1968 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் வந்த கடிதம். "அங்கே போ" என்று யந்திரத்தைத் திடீரென்று வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை தீங்கானது என்று தலைப்பு. தலைப்பை வைத்தவர் பத்திரிகை ஆசிரியர் நிக்லாஸ் விர்த். ஒரு தொடர்கதையை நினைத்துக் கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயத்து நடுவில் "பதினேழுக்குப் போ" என்றும், பதினேழில் "எட்டுக்குத் திரும்பு" என்றும் இருந்தால், எந்த வரியில் விரலை வைத்தாலும், கதாநாயகி இங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்ல முடியுமா? மனித மூளை காலத்தில் ஓடுகிறதைப் பின்தொடர்வதில் மிகவும் சோடை. ஆகவே எழுத்தின் வரிசையும் ஓட்டத்தின் வரிசையும் கூடியவரை ஒத்திருக்கட்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. 1974-ல் டொனால்ட் நூத் என்ற பெரியவர், சில இடங்களில் தாவினால் குற்றமில்லை என்று விரிவாக எழுதினார். அதுவும் நியாயந்தான். ஆனால் இன்று வழங்கும் மொழிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டளை ஒழிந்தது, அல்லது மூலையில் கிடக்கிறது.

எல்லா அபிப்பிராயத்துக்கும் நான் தலையாட்டத் தயாரில்லை. வியாபாரக் கணக்குகளுக்காக 1959-ல் ஏற்பட்ட 'கோபால்' மொழியைக் கற்பிப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும் என்று 1975-ல் எழுதிவிட்டார். (நம் கோபாலன் இல்லை, எழுத்து ஒற்றுமை மட்டுமே.) பாங்குகளும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் அந்த மொழியில்தான் கோடிக்கணக்கான வரிகளை வைத்திருந்தன. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது அவையெல்லாம் தேதி தெரியாமல் திண்டாடும் என்ற பயம் வந்தபோது, அதே மொழியை அவசரமாகக் கற்றுக்கொண்டு சென்னையிலிருந்து கடல் கடந்த பிள்ளைகள் எத்தனை பேர்! தங்கையின் கல்யாணமும் தகப்பனாரின் கடனும் அந்தக் 'குற்றத்தில்' தீர்ந்த வீடுகள் உண்டு. சுத்தத்தை நேசிக்கிறவர்களுக்குப் பிறர் பிழைப்பு கண்ணில் படுவதில்லை. கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் அகம்பாவத்தை அளக்கும் அலகுக்கு டைக்ஸ்ட்ராவின் பெயரை வைக்கலாம் என்று ஆலன் கே என்ற நிபுணர் 1997-ல் ஒரு மேடையில் கேலி செய்தது சும்மா இல்லை.

ஆனாலும் ஒரு குறிப்பு என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 1970-களின் பிற்பகுதியில் எழுதியது. யந்திரத்துக்கு நாம் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கட்டளை சொல்ல முடிந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அன்றே சிலர் கனவு கண்டார்கள். அது அசட்டுத்தனம் என்றார் இவர். கிரேக்கர்களின் கணிதம் ஏன் தேங்கிப் போயிற்று? பேச்சிலும் படத்திலும் நின்றுவிட்டதால். குறியீடுகள் சுமையல்ல, சலுகை. பேச்சு மொழியில் அர்த்தமில்லாததை அர்த்தமுள்ளது போல் சொல்வது வெகு சுலபம், குறியீட்டில் அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்பது அவர் வாதம்.

அந்தக் கனவு இன்று பலித்துவிட்டது. இங்கிலீஷில், தமிழில்கூட, இன்னது வேண்டும் என்று சொன்னால் யந்திரமே கட்டளைச் சுவடியை எழுதித் தருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் பெருமையுடன் காட்டினான். "இதில் தப்பு இருந்தால் யார் தப்பு, தம்பி?" என்று கேட்டேன். "சோதித்துப் பார்ப்போம் சார்" என்றான். சோதனையால் தப்பு இருப்பதைக் காட்டலாம். தப்பே இல்லை என்று ஒருநாளும் காட்ட முடியாது என்பது டைக்ஸ்ட்ரா ஓயாமல் சொன்ன இன்னொரு விஷயம். அதை அவனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு, எழுதியதை முழுக்கப் படித்துப் பார்க்க நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றான். அவனுடைய உத்தியோகத்தின் பெயர் அட்டையில் ஐந்து வார்த்தைகளில் அச்சாகியிருந்தது.

டைக்ஸ்ட்ரா 1984-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டினுக்குப் பேராசிரியராகப் போனார். கரும்பலகையும் சாக்குக் கட்டியும் போதும் என்று பாடம் நடத்தினார். 2002-ல் நூனென் என்ற தம் கிராமத்துக்குத் திரும்பினார். 1318-ஆம் குறிப்பை அந்த ஏப்ரலில் எழுதினார்; கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் பற்றியது. ஆகஸ்டு 6-ஆம் தேதி காலமானார். குறிப்புகளை ஆஸ்டின் சர்வகலாசாலையில் பத்திரப்படுத்தி, கையெழுத்து அப்படியே தெரியும்படி படம் பிடித்து, யாரும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் மிகவும் குறைவு.