மூச்சைப் பிடித்த கதை

 

இன்று மார்ச் 24, உலக காசநோய் தினம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், நான் படிப்பித்த ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க மற்றப் பிள்ளைகள் மறுத்தார்கள். (எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பிள்ளை என்று கேட்க வேண்டாம்.) ஏன் என்று கேட்டேன். "அவையிட வீட்டில ஆருக்கோ கசம் சேர். மூச்சுப் பட்டாலே ஒட்டுமாம்" என்றான் ஒருவன். வீட்டில் அந்த நோயாளி மருந்து எடுக்கத் தொடங்கி மூன்று மாதம் கடந்திருந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தது.

அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி பிழை என்று கண்டுபிடிக்க உலகத்துக்கே ஏறக்குறைய எண்பது வருடம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

காசநோய் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இப்னு சீனா எழுதினார். ஆனால் தொற்றுவது எது என்று எவருக்கும் தெரியாது. 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் ரொபேட் கொக் அந்தப் பக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இன்றைய தினம் வந்தது அதனால்தான். அதன் பிறகு சளியை எடுத்து, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை வந்தது.

சளி சரி, மூச்சு? 1890களில் ஜேர்மனியில் கார்ல் ஃபுளூகே என்பவர் நோயாளிகளின் முன்னால் தகடுகளை வைத்துப் பார்த்தார். இருமலில் மட்டுமல்ல, பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிருமியோடு வெளியே வருகின்றன என்று காட்டினார். அந்தத் துளிகள் கொஞ்சத் தூரத்தில் நிலத்தில் விழுந்துவிடும் என்பதே அப்போதைய எண்ணம். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் வேறொன்று சொன்னார். சிறிய துளிகள் விழுவதற்கு முன்னரே காய்ந்துவிடும். மிஞ்சும் நுண்துணிக்கை மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும்.

இதை எப்படி நிரூபிப்பது? 1950களின் பிற்பகுதியில் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோரில் ஒரு வேலை செய்தார்கள். காசநோயாளிகள் இருந்த ஆறு அறைகளின் காற்றைக் குழாய் வழியாகக் கூரையில் இருந்த ஒரு கூண்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நூற்றைம்பது அளவில் கினிப் பன்றிகள். நோயாளியை அவை பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. அவர்கள் விட்ட மூச்சுக் காற்று மட்டும்தான் போனது. இரண்டு வருடத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றுக்குத் தொற்று வந்தது. மூச்சால் பரவும் என்பது அங்கே உறுதியானது. பையன் சொன்ன சரியான பாதி இது.

பிழையான பாதியும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. தொற்று எல்லா நோயாளிகளிடமிருந்தும் ஒரே அளவில் வரவில்லை. பெரும்பாலும் ஒருசிலரிடமிருந்தே வந்தது. சரியான மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து மிக மிகக் குறைவாகவே வந்தது.

அதே காலத்தில், நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆய்வு நடந்தது. 1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு ஏழை நோயாளிகளில் பாதிப்பேரை சனட்டோரியத்தில் வைத்தும், பாதிப்பேரை நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் ஒரு வருடம் மருந்து கொடுத்தார்கள். முடிவு 1959 இல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டு ஆட்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும், நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலானவர்களுக்கு நோய் வரவில்லை. உலகம் முழுவதும் சனட்டோரியங்களின் காலம் முடிய இதுவும் ஒரு பெரிய காரணம்.

நம் காங்கேசன்துறையிலும் காசநோய் சனட்டோரியம் இருந்தது. மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, ஊரிலிருந்து தள்ளி இருப்பது என்பதே வைத்தியம். அது அந்தக் காலத்துக்கு நியாயம். மருந்து வந்து, தள்ளி வைக்கும் தேவை போய்விட்டது. தள்ளி வைக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது மூச்சையே சேர்த்துப் பரிசோதிக்கும் காலம் வந்திருக்கிறது. கொவிட் நேரத்தில், 2021 இல், சிங்கப்பூர் அதிகாரிகள் துவாஸ் எல்லையில் மலேசியாவிலிருந்து வந்தவர்களைக் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். காசநோய்க்கு, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் முகக்கவசத்துக்குள் ஒரு சிறு பட்டையை வைத்து, தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் நோயாளிகளுக்கு அணிவித்தார்கள். அந்தப் பட்டையில் கிருமியின் மரபணுவைத் தேடினார்கள். சளியில் அகப்படாத சிலரின் நோய் முகக்கவசத்தில் அகப்பட்டது. இந்த முடிவு 2020 இல் வந்தது. இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை பிள்ளைகளை நினைத்துத்தான். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மூச்சு விடுவார்கள்.

அது பரவலாக வரும்வரை நமக்குச் சளிப் பரிசோதனைதான். இலங்கையில் ஒரு வருடத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காசநோயாளிகளாக அடையாளம் காணப்படுகிறார்கள். அடையாளம் காணப்பட்டவரால் ஆபத்து குறைவு. இரண்டு கிழமைக்கு மேல் இருமிக்கொண்டு, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வீட்டுக்குள் இருப்பவரால்தான் ஆபத்து. அவரை ஒளிய வைப்பது நம்முடைய வாய். பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கிளினிக்குக்குப் போகாமல் நிற்கிறார்.

1990 யூனில் நீங்கள் இந்த ஊரை விட்டுப் போனீர்கள். அதே வருடம் ஒக்டோபரில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது. நான் புத்தளத்தில் முகாமில் வளர்ந்தவன். "முகாம் பிள்ளை" என்று வகுப்பில் தள்ளி இருத்தப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும்.

அன்றைக்கு நான் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, என் கதிரையை அந்தப் பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, அங்கே இருந்தபடியே பாடத்தை நடத்தினேன். அடுத்த கிழமை இரண்டு பேர் அந்த வாங்கிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையாக ஆறு மாதம். இடையில் நிற்பாட்ட வேண்டாம். மருந்து எடுக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், இன்று ஒருக்கால் அவர் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.