நடுக்கடலுல கப்பல (கானாப் பாடல்)

‘நடுக்கடலுல கப்பல’, 2012 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘அட்டகத்தி’ திரைப்படத்தில் கானா பாலா பாடிய காதல் கானா. பா. இரஞ்சித் இயக்குநராகவும் சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளராகவும் அறிமுகமான படம் இது. அதே படத்தின் ‘ஆடி போனா ஆவணி’யும் கானா பாலா பாடியதே.

கானா வடசென்னையின் நாட்டார் பாட்டு. 1856இல் அங்குள்ள இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது; 1870களில் துறைமுக வேலை ஆரம்பித்தது. மூட்டை தூக்கவும் சரக்கு இறக்கவும் வடதமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்களோடு ஒப்பாரியும் தெம்மாங்கும் வந்தன. சித்தர் பாடல்களின் நிலையாமையும் இஸ்லாமிய ஞானப் பாடல்களின் சாயலும் அவற்றோடு கலந்தன. இறைவனையே காதலியாக்கி ‘மனோன்மணிக் கண்ணி’ பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அடங்கியிருப்பது இராயபுரத்தில்தான். கானாவில் காதலும் சாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு இந்தக் கலப்பே காரணம் என்று கொள்ளலாம். இழவு வீட்டில் விடிய விடியப் பாடுவதும் காதலில் தோற்ற நண்பனைத் தேற்றப் பாடுவதும் பெரும்பாலும் அதே பாடகர்கள். முதலில் தாளமில்லாமல் இழுத்துப் பாடும் தொகையறா, பிறகு டோலக்கோ மேசையோ தீப்பெட்டியோ எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் தாளம்.

இப்பாட்டின் பலம் அதன் உவமையில் இருக்கிறது. கடல் நடுவே நின்றுபோன கப்பலை இறங்கித் தள்ள முடியாது. ஒருதலைக் காதலும் அப்படித்தான் என்கிறது பாட்டு. தொல்காப்பியம் கைக்கிளை என்று வகுத்த அதே துயரத்தை, மக்கர் பண்ணும் வண்டியைத் தெருவில் இறங்கித் தள்ளிப் பழகியவனின் பேச்சில் சொல்கிறது.  

கானா திரைக்குப் புதிதல்ல. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றார். ‘காதல் கோட்டை’யில் (1996) அவரே பாடிய ‘கவலைப்படாதே சகோதரா’வும் காதல் பற்றியதே. ஆனால் ‘அட்டகத்தி’க்குப் பிறகு கானாப் பாடகரின் சொந்தக் குரலே படத்துக்கு வேண்டியதாயிற்று. சட்டம் படித்த கானா பாலா ‘சூது கவ்வும்’ (2013), வடசென்னையைக் களமாகக் கொண்ட ‘மெட்ராஸ்’ (2014) எனத் தொடர்ந்து பாடினார். ‘மெட்ராஸ்’ பாட்டொன்றின் பெயரிலும் கப்பல் உண்டு: ‘காகித கப்பல்’.

2018 ஜனவரியில் இரஞ்சித்தின் முன்முயற்சியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு சென்னையில் மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்து ஒலித்தன. அக்குழுவில் பாடியவர்களில் ஒருவர் இராயபுரத்துப் பெண் இசைவாணி. ஆண்குரலின் தனியிடமாக நெடுங்காலம் இருந்த கானாவைப் பாடியதற்காக, பிபிசியின் 2020ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.