சிடிகே7: இரு துறையினர் கண்ட ஒரே நொதி

சிடிகே7 என்பது உயிரணுச் சுழற்சி, மரபணுப் படியெடுப்பு ஆகிய இரண்டிலும் பங்கேற்கும் ஒரு புரதக் கைனேஸ். பிற புரதங்களின் மீது பாஸ்பேட் தொகுதியை ஏற்றி, அவற்றின் செயலை மாற்றும் நொதிகளே கைனேஸ்கள். வெவ்வேறு கேள்விகளுடன் தேடிய இரு துறையினர் 1990களின் முற்பாதியில் இந்த ஒரே நொதியை வந்தடைந்தனர்.

இதன் மரபணு 1990இல் செனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையில் கண்டறியப்பட்டது. அப்போது அதற்கு எம்ஓ15 என்று பெயர். தவளையின் முட்டை முதிர்வதைத் தடுக்கும் புரதம் என்றே முதலில் கருதினர். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. உயிரணுப் பிரிவை நடத்தும் சிடிகே1, சிடிகே2 ஆகியவை சைக்ளினுடன் இணைந்தால் மட்டும் போதாது. அவற்றிலுள்ள ஒரு குறிப்பிட்ட திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டும் ஏற வேண்டும். அதை ஏற்றுவது எம்ஓ15 என 1993இல் மூன்று ஆய்வறிக்கைகள் காட்டின. அவற்றுள் ஒன்று, 2001இல் நோபல் பரிசு பெற்ற டிம் ஹன்ட் பங்கேற்றது. மறு ஆண்டு அதன் துணைப்புரதமான சைக்ளின் எச் கண்டறியப்பட்டது.

அதே 1994இன் இறுதியில் எதிர்பாராத திருப்பம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஜான்-மார்க் எக்லியின் குழு ஆராய்ந்துவந்தது உயிரணுப் பிரிவை அல்ல, டிஎஃப்ஐஐஎச் என்னும் படியெடுப்புக் காரணியை. டி.என்.ஏ. பழுதுநீக்கத்திலும் பங்குள்ள இக்கூட்டமைப்பினுள் எம்ஓ15 இருந்தது. அங்கு அது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2இன் வால்பகுதியில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஏழு அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு தொடர், மனிதரில் 52 முறை திரும்பத்திரும்ப வருவதே அந்த வால்.

ஒரே நொதி இரு இடங்களில் இருப்பதாலேயே இரு செயல்களும் பிணைந்துள்ளன என்றாகிவிடாது. ஐயத்தை வலுப்படுத்தியது ரொட்டி ஈஸ்ட். அதில் வால்பகுதியைக் கவனிப்பது கின்28. சுழற்சிக் கைனேஸைத் தூண்டுவதோ கேக்1 என்னும் வேறொரு நொதி என 1996இல் தெரியவந்தது. மனித உயிரணுவிலும் சிடிகே7 உண்மையில் இரண்டையும் செய்கிறதா? குறிப்பிட்ட வேதிப்பொருளால் மட்டும் முடங்குமாறு சிடிகே7ஐ மாற்றியமைத்த மனித உயிரணுக்களில், அதை முடக்கியபோது சிடிகே1, சிடிகே2 ஆகியவற்றின் தூண்டலும் தடைபட்டது. இது வெளியானது 2007இல்.

இதற்கிடையே, 1998இல் நேரடியான ஒரு பிணைப்பும் வெளிப்பட்டிருந்தது. உயிரணு பிரியும் வேளையில், சிடிகே7ஆல் தூண்டப்பட்ட சிடிகே1 திரும்பிவந்து சிடிகே7இன் மீதே பாஸ்பேட்டை ஏற்றுகிறது. டிஎஃப்ஐஐஎச் செயலிழக்க, படியெடுப்பு அடங்குகிறது.